கேட் பாஸ் இல்லாத சூப்பர்வைசர்

அந்த ராணுவக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று நான் சொல்லக் கூடாது. அதுவும் ஒரு விதி. திருவள்ளூர் தாண்டி, எருமைகள் நிறைய மேய்கிற பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எருமைகள் வேலி இடுக்கு வழியாக அவை பாட்டுக்கு உள்ளே போய் வருகின்றன. எங்களுக்குத்தான் போலீஸ் சரிபார்ப்பு, ஆதார் நகல், கைரேகை, கழுத்தில் தொங்க ஓர் அட்டை. டீ கேனுக்குக்கூட பாஸ் உண்டு. ஒருநாள் பழைய கேன் ஒழுகுகிறது என்று புதுக் கேன் கொண்டுபோனோம். பாஸில் இருப்பது நீலம், வந்திருப்பது பச்சை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு டீ இல்லாமல் எங்கள் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டே தகடு மாட்டினார்கள்.

நான் ஷைனி. அந்த வேலையின் சேஃப்டி ஆபீசர். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று நீங்கள் மரியாதை கொடுத்துவிட வேண்டாம், அங்கே யாரும் கொடுக்கவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அப்ரன்டிஸாக இருந்துகொண்டே தொழிற் பாதுகாப்பில் டிப்ளமோ முடித்தவள். ராணுவ வளாகத்துக்குள் கட்டட வேலை எடுக்கிற கான்ட்ராக்டர், வேலை நடக்கும் நேரமெல்லாம் படித்த சேஃப்டி ஆபீசர் ஒருவரை அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அப்படி எழுதாமல் இருந்திருந்தால் கவரைப்பேட்டை பாக்கியராஜ் என்னை ஏன் கூப்பிடப்போகிறார்.

பாக்கியராஜ்தான் கான்ட்ராக்டர். ராணுவ லாரிகள் நிறுத்துகிற பெரிய ஷெட்டின் கூரை துருப்பிடித்துப் போயிருந்தது. பழைய தகடுகளைப் பிரித்துப் புதுசு போடும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஒப்பந்தத்தின் பாதுகாப்புப் பகுதி மட்டும் தலையணை கனம் இருக்கும். அவர் அதைத் தலையணையாகவே வைத்துக்கொண்டு மத்தியானம் வேனில் தூங்குவார்.

என்னை வேலைக்கு எடுத்த அன்று அவர் சொன்னது இதுதான். "ஸ்டீபன் மேஸ்திரி மவதான நீ? நல்லதாப் போச்சி. சேர் போட்டுத் தரேன், ஒக்காந்துக்கினு கையெழுத்து போடு. மேல இன்னா நடக்குதுன்னு நிமிந்து பாக்காத. கழுத்து வலிக்கும்."

ஸ்டீபன் மேஸ்திரி என் அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கூரையில் ஏறுகிற ஆட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். அதாவது, அப்பா ஊரான் கூரையில் ஏறி நடக்க வேண்டும், அவர் கீழே விழாமல் மகள் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு இப்படி ஒரு உத்தியோகம் அமைந்தது.

விதி ஒன்றும் புரியாத விஷயம் இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஏறுகிறவர் தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வருகிற பெல்ட் போட வேண்டும். பெல்ட்டின் முதுகிலிருந்து இரண்டு கயிறு வரும், முனையில் கொக்கி. கூரை நெடுக ஓர் இரும்புக் கயிறு இழுத்துக் கட்டியிருப்போம், அதற்கு லைஃப்லைன் என்று பெயர். ஒரு கொக்கியாவது எந்நேரமும் அதில் மாட்டியிருக்க வேண்டும். நடுவில் தூண் குறுக்கிட்டால் ஒன்றைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டிவிட்டு, பிறகு அடுத்ததைக் கழற்ற வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரிந்துவிடும். மேஸ்திரிகளுக்குத்தான் புரியாது.

எங்கள் ஆட்கள் பெல்ட்டைப் போட்டுக்கொள்வார்கள். அதில் குறை சொல்ல முடியாது. காலையில் வரிசையாக நின்று நான் வாரை இழுத்துப் பார்க்கும்போது கல்யாண மாப்பிள்ளைகள் போல நிற்பார்கள். மேலே போனதும் இரண்டு கொக்கியையும் எடுத்துத் தங்கள் இடுப்பு வளையத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். கீழே இருந்து பார்க்கிற அதிகாரிக்குப் பெல்ட் தெரியும், கயிறு தெரியும், கொக்கி எதிலோ மாட்டியிருப்பது தெரியும். தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு மரத்தில் தொங்குகிற குரங்கை யாராவது பார்த்ததுண்டா. நான் தினமும் பார்த்தேன். அந்த வித்தையை எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தவர் என் அப்பா.

அவருக்கு உயரம் என்றால் பயமே கிடையாது, அதுதான் வியாதி. அத்திப்பட்டுப் பக்கம் புகைபோக்கி வேலையில் காக்கா பறக்கிற உயரத்தில் நின்று பீடி பற்றவைத்த கதையை எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தப் புகைபோக்கி கொஞ்சம் உயரமாகிக்கொண்டே வரும்.

இதற்கிடையில் சிவப்புச் சீட்டு என்று ஒன்று. பாதுகாப்பு விதியை மீறினால் ராணுவத்துச் சுபேதார் எழுதிக் கொடுப்பார், நானும் எழுதலாம். மூன்று சீட்டு சேர்ந்தால் கான்ட்ராக்டர், ஆட்கள், சேஃப்டி ஆபீசர் எல்லாருடைய பாஸும் ரத்து. அதற்குப் பிறகு எந்த ராணுவ வளாகத்திலும் எங்களைச் சேர்க்க மாட்டார்கள். இரண்டு சீட்டு ஏற்கெனவே வாங்கியாயிற்று. முதலாவது, சேகர் என்கிற எங்கள் ஃபிட்டர், சாப்பாடு முடித்துவிட்டுக் கூரைமேலேயே ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கியதற்கு. இரண்டாவது, பாக்கியராஜே ரப்பர் செருப்போடு சாரத்தில் ஏறி நின்று போனில் மச்சானோடு சண்டை போட்டதற்கு.

மூன்றாவது சீட்டுக்கு உரியவர் தினமும் என் கண்முன்னால் கூரைமேல் உலாவிக்கொண்டிருந்தார். எழுதினால் அத்தனை பேருக்கும் வேலை போகும். எழுதாவிட்டால் ஒருநாள் நைனா போவார். இதில் எதை எடுப்பது என்று டிப்ளமோவில் சொல்லிக்கொடுக்கவில்லை.

சுபேதார் பெயர் அன்புசெல்வன். ஆர்.கே.பேட்டைக்காரர். இத்தனை வருஷம் வடக்கே இருந்தும் பேச்சில் ஊர் வாடை போகவில்லை. சிரிப்பைத்தான் எங்கேயோ தொலைத்துவிட்டார். வேலை தொடங்கிய வாரத்திலேயே அவருக்கும் எங்களுக்கும் ஒரு தகராறு வந்தது. காரணம், திருஷ்டி பொம்மை.

எங்கள் பக்கத்தில் எந்தக் கட்டடம் எழும்பினாலும் ஒரு பொம்மை கட்டாமல் இருக்க மாட்டார்கள். பழைய பேன்ட் சட்டைக்குள் வைக்கோல் அடைத்து, மண்சட்டியில் முழி, மீசை, நாக்கு எழுதித் தலையாக வைத்து உயரத்தில் தொங்கவிடுவார்கள். பார்க்கிறவன் கண் வேலைமேல் படாமல் அதன்மேல் படும். பாக்கியராஜும் முதல் நாளே ஒன்று கட்டிவிட்டார். என் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முன்வரிசை, ஆனாலும் பொம்மையின் முடிச்சை அவர்தான் போட்டார். ஆண்டவர் மேலே பார்த்துக்கொள்வார், பக்கத்து கான்ட்ராக்டரின் கண்ணை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார்.

மறுநாள் காலையில் சுபேதார் வந்து நின்றார். "மேல தொங்கறது யாரு?"

"திருஷ்டி பொம்ம சார்," என்றார் பாக்கியராஜ்.

"கேட் பாஸ் கீதா?"

பாக்கியராஜ் சிரித்தார். சுபேதார் சிரிக்காததைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"டவர்ல நிக்கிற சென்ட்ரி, பெல்ட் இல்லாத ஆளு ஒர்த்தன் ராவெல்லாம் மேலயே கீறான்னு ரிப்போர்ட் குடுத்துட்டான். ரிப்போர்ட் வந்தா நான் பதில் சொல்லியாவணும்."

"எறக்கிடறேன் சார்."

சுபேதார் அண்ணாந்து பொம்மையைப் பார்த்தார். பொம்மை நாக்கை நீட்டிக்கொண்டு அவரைப் பார்த்தது. ஆர்.கே.பேட்டையில் அவரும் வீடு கட்டிக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் குரலை இறக்கி, "கட்டினத பாதில எறக்கினா ஆவாது," என்றார். "இருக்கட்டும். பெல்ட்டு ஹெல்மெட்டு போட்டு வுடு. மனுச உருவம்னு வந்துட்டா ரூல் ரூல்தான்."

அப்படித்தான் அந்தப் பொம்மைக்குப் பெல்ட் வந்தது. அதுவும், பெரிய அதிகாரி யாராவது வந்தால் காட்டுவதற்கென்று பாக்கியராஜ் உறை பிரிக்காமல் வைத்திருந்த புதுப் பெல்ட். நானே மேலே ஏறி வாரெல்லாம் இறுக்கி, இரண்டு கொக்கியையும் லைஃப்லைனில் மாட்டிவிட்டு வந்தேன். அந்தக் கூரையில் விதிப்படி இருந்த ஒரே ஆள் அவன்தான். சேகர் அவனுக்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தான். "ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் மொறச்சிக்கினு கீறான். வேற இன்னான்னு சொல்றது," என்றான்.

ஒருநாள் மத்தியானம் நானும் நைனாவும் நேருக்கு நேர் மோதிக்கொண்டோம். ஷெட்டு நிழலில் எல்லாரும் சாப்பாட்டைப் பிரித்திருந்தார்கள். அன்று காலை அவர் கூரையின் ஓரத்தில் ஒற்றைக்காலை வெளியே நீட்டிக்கொண்டு தகட்டைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்திருந்தேன். கொக்கி இரண்டும் அவர் இடுப்பில் பளபளத்துக்கொண்டிருந்தன.

"நைனா, காலைல கொக்கிய எங்க மாட்டியிருந்த?"

"எங்க மாட்டணுமோ அங்க."

"உன் இடுப்புல மாட்டியிருந்த."

"இடுப்பும் எங்கூடத்தான கீது. அது எங்க போவப் போவுது." எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு அது போதும். "இந்தா பாரு மேடம். மாட்டி மாட்டிக் கழட்டிக்கினு இருந்தா ஒரு தகடு போட ஒரு நாளு ஆவும். கயிறு வுழறவனுக்கு. நான் இன்னி வரைக்கும் வுழுந்ததில்ல."

"வுழுந்தவன் எவனும் அதுக்கு மின்ன வுழுந்ததில்ல நைனா."

சிரிப்பு நின்றது. அவர் கையில் இருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டார். பிறகு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எழுது மேடம்," என்றார். "சேப்பு சீட்ட எடுத்து எழுது. அப்பன் பேரு ஸ்டீபன், வேல மேஸ்திரின்னு எழுது. இத்தினி பேரும் உன் பேர சொல்லிக்கினு ஊட்டுக்குப் போவட்டும்."

சீட்டுக் கட்டு என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம். ஒரு காகிதத்தை எடுக்க முடியாத கைக்கு எதற்கு டிப்ளமோ என்று இருந்தது. எழுந்துபோய் டீ கேனைத் திறந்து, காலியான கேனை வெகுநேரம் கழுவினேன்.

இந்த நிலைமையில்தான் மீட்பு ஒத்திகை வந்தது. மேலே வேலை செய்கிறவர் விழுந்து பெல்ட்டில் தொங்கிவிட்டால், ரத்தம் காலில் கட்டிக்கொள்வதற்குள் அவரைப் பத்திரமாக இறக்க வேண்டும். அதை எப்படிச் செய்வோம் என்று எழுதிக் கொடுத்து, ஒருமுறை செய்தும் காட்ட வேண்டும். பாக்கியராஜ் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு சுபேதார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"வுழுந்தவர உடனே படகுல ஏத்தவும்னு போட்டுக்கீது. இங்க படகு எங்க கீது?"

பழவேற்காட்டுப் பக்கம் நடந்த ஏதோ வேலைக்கு எழுதியதை அப்படியே எடுத்து, தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார் மனிதர். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதிக் கொடுத்தேன். ஒத்திகையைப் பார்க்க ஒரு மேஜரும் வருவார் என்றார் சுபேதார். பாக்கியராஜுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

தொங்கிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். ஒருவரும் வரவில்லை. சேகர் பெல்ட்டின் தொடை வாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனுக்கு இன்னும் கல்யாணம் ஆவல சார், எங்கனா எசகுபிசகா இறுக்கிக்கினா பொண்ணு ஊட்டுக்கு யாரு பதில் சொல்றது," என்றான். நைனா, "கசாப்புக் கடையில ஆடு தொங்கற மாதிரி நான் தொங்க மாட்டன்," என்று சொல்லிவிட்டார். கடைசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தோம்.

வைக்கோல் பொம்மையைத் தூக்கிக் காட்டினால் அது ஒத்திகை இல்லை, கேலி. ஆள் எடை இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்று, வைக்கோலை உருவிவிட்டு மணலை அடைக்கச் சொன்னேன். பாதி அடைக்கும்போதே அதன் பழைய சட்டை தோளில் கிழிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் பழைய சட்டை ஏதாவது கேட்டேன். என் அம்மா சாராள், நானும் நைனாவும் பேசிக்கொள்வதில்லை என்பதைக் கவனித்து, எங்கள் இரண்டு பேர் மேலும் கடுப்பில் இருந்தாள். பெட்டியிலிருந்து நைனாவின் காப்பிக் கலர் கட்டம்போட்ட சட்டையை எடுத்து வீசினாள். "இத்த எட்த்துக்கினு போ. உங்க நைனாவுக்கு வவுறு முன்னால வந்ததுல இருந்து பட்டன் போட மாட்டேங்குது. ரெண்டு பேரும் வேல செய்ற எடத்து சண்டைய அங்கயே வச்சிட்டு வாங்க. நான் தெனம் முட்டி போட்டு ஜெபம் பண்றது இந்த மூஞ்சிங்கள பாக்கத்தானா?"

அவள் ஜெபத்தில் நைனாவின் கால் வழுக்கக் கூடாது என்று ஒரு வரி எப்போதும் உண்டு. ஆண்டவர் எல்லாம் செய்வார், கொக்கி மாட்டுவாரா என்று கேட்க நினைத்தேன். தட்டு பறந்து வரும் என்று விட்டுவிட்டேன்.

ஒத்திகை நாளன்று சூப்பர்வைசர் கட்டம்போட்ட சட்டையில், மணல் வயிற்றோடு, பார்ப்பதற்கு அச்சு அசலாக நைனா போலவே இருந்தான். சேகர்கூட, "மேஸ்திரி, உங்க தம்பியா?" என்றான். கூரையின் ஓரத்துக்கு அவனைக் கயிறு கட்டி ஏற்றினோம். கீழே சிமென்ட் தரையில் ஓரமெல்லாம் நாடா கட்டி, ஓர் ஈ எறும்பு உள்ளே வராதபடி ஆள் நிறுத்தியிருந்தேன். நாடாவுக்கு அந்தப் பக்கம் மேஜர், சுபேதார், வியர்த்து வழியும் பாக்கியராஜ். மேலே நான், நைனா, சேகர், இன்னும் சிலர். திட்டம் இதுதான். பொம்மையின் கொக்கிகளை லைஃப்லைனில் மாட்ட வேண்டும். விசில் அடித்ததும் வெளியே தள்ள வேண்டும். அது தொங்கும். பிறகு நாங்கள் கப்பி போட்டு மெதுவாக இறக்க வேண்டும்.

"நைனா, கொக்கிய மாட்டு," என்றேன். அந்தச் சண்டைக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு.

அவர் பொம்மையை ஒரு முழங்காலில் சாய்த்துக்கொண்டு, சேகரிடம், "இன்னா வெயிட்டுடா இவன், ஊட்ல நல்லா துன்னுட்டு வந்துக்கீறான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கை தன் பாட்டுக்கு இரண்டு கொக்கியையும் எடுத்தது. முன்பக்கம் சுற்றிக் கொண்டுவந்தது. பொம்மையின் இடுப்பில் அந்தப் பக்க வளையத்தில் ஒன்று, இந்தப் பக்க வளையத்தில் ஒன்று, டக் டக் என்று மாட்டியது. கண் அந்தப் பக்கமே போகவில்லை. இத்தனை வருஷமாகத் தனக்குச் செய்துகொண்டதை அந்தக் கை அவனுக்கும் செய்தது. பிறகு நைனா கீழே பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நான் பார்த்துவிட்டேன். சொல்வதற்கு வாயும் திறந்துவிட்டது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அட ஆமா என்று சிரிப்பார். கழற்றி லைஃப்லைனில் மாட்டுவார். பொம்மை அழகாகத் தொங்கும், மேஜர் கை தட்டுவார், பாக்கியராஜ் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தருவார். நாளைக்கு அதே ஓரத்தில் நைனா ஒற்றைக்காலை நீட்டிக்கொண்டு நிற்பார். சொல்லாவிட்டால் மேஜர் கண்முன்னால் மூன்றாவது சீட்டு, எல்லாருக்கும் வேலை போகும், என் பெயரும் நாறும். சேஃப்டி ஆபீசர் செய்யக் கூடாத காரியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். கீழே நாடாவுக்குள் யாரும் இல்லை என்று மறுபடி ஒருதரம் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

விசில் அடித்தது.

"தள்ளு நைனா."

அவர் தள்ளினார். சூப்பர்வைசர் கூரையை விட்டு வெளியே போனான். கயிறு இறுகுகிற சத்தத்துக்காக எல்லாரும் காத்திருந்தோம். அந்தச் சத்தம் வரவில்லை. கட்டம்போட்ட சட்டை காற்றில் ஒருமுறை உப்பியது. பிறகு தரையில் மூட்டை விழுகிற சத்தம் ஒன்று வந்தது, சட்டி உடைகிற சத்தம் ஒன்று வந்தது. ஹெல்மெட் மட்டும் உருண்டுபோய் மேஜரின் பூட்ஸுக்குப் பக்கத்தில் நின்றது.

நைனா ஓரத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய சட்டை, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, குப்புறக் கிடந்தது. வயிற்றுப் பக்கம் கிழிந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு தன் இடுப்பைப் பார்த்தார். இரண்டு கொக்கியும் அங்கேதான் இருந்தன.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். ஒரு கொக்கியைக் கழற்றி லைஃப்லைனில் மாட்டினார். டக். அடுத்ததையும் மாட்டினார். டக். எனக்குப் பின்னால் சேகர் மாட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கூரையின் அந்தக் கோடி வரைக்கும் டக் டக் என்று அந்தச் சத்தம் போயிற்று.

"யாரும் நவுராதீங்க," என்று கீழே சுபேதார் கத்தினார். மேஜர் இந்தியில் ஏதோ கேட்டார். சுபேதார் நாடாவைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு ஆளாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். எல்லார் கயிறும் ஒழுங்காக லைஃப்லைனுக்குப் போயிருந்தது. அந்தக் கூரையில் அன்றுவரை விதிப்படி இருந்தவன் ஒருவன். இப்போது அவன் ஒருவன்தான் தப்பு.

"இவனுக்கு யாரு மாட்டினது?"

"நான்தான் சார்," என்றார் நைனா.

நான் ஏணியில் இறங்கிப் போய் சுபேதார் எதிரில் நின்றேன். "அவரு தப்பா மாட்டினத நான் பாத்தன் சார். பாத்துட்டுத்தான் தள்ளச் சொன்னன். சீட்டு எழுதறதா இருந்தா எம் பேர்ல எழுதுங்க."

பாக்கியராஜ் தலையில் கைவைத்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். சுபேதார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே பார்த்தார். பையிலிருந்து சிவப்புச் சீட்டுக் கட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"வுழுந்தவன் பேர்லதான் எழுதணும். பேரு இன்னா?"

"சூப்பர்வைசர் சார்," என்றார் பாக்கியராஜ், தரையிலிருந்தே.

"கேட் பாஸ் நம்பர்?"

பாக்கியராஜ் கையை விரித்தார். சுபேதார் பேனா அந்த இடத்திலேயே நின்றது. அவருடைய இத்தனை வருஷத்து ராணுவ அனுபவமும் சீட்டின் அந்த ஒரு கட்டத்துக்குள் சிக்கிக்கொண்டதை அவர் நெற்றியில் பார்த்தேன்.

"பாஸ் இல்லாத ஆளு இத்தினி நாளு உள்ள இருந்தான்னு எழுதினா," என்று முனகினார், "அவன உள்ள வுட்டது யாரு, பெல்ட் போடச் சொன்னது யாருன்னு என்னத்தான் கேப்பாங்க." பேனாவை மூடினார். சீட்டுக் கட்டைத் திரும்பப் பையில் வைத்தார். மேஜர் பக்கம் திரும்பி நீளமாக இந்தியில் பேசினார். என்ன சொன்னாரோ, மேஜர் உடைந்த சட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நாளைக்கி மறுபடியும் செஞ்சி காட்டணும்," என்றார் சுபேதார் என்னிடம். "அது வரைக்கும் ஒருத்தனும் மேல ஏறக் கூடாது. எல்லாரையும் எறங்கச் சொல்லு." போகிறபோது நின்று, "புதுசா ஒண்ணு கட்டிடுங்க," என்றார். "கண்ணு பெருசா எழுதுங்க."

ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஏணிக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை தனியாக ஒரு கயிறு தொங்கும். இறங்குகிறவர் அதில் உள்ள பூட்டில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும், கூடவே அந்தப் பூட்டும் வழுக்கி வரும், வெடுக்கென்று இழுத்தால் பிடித்து நிறுத்திவிடும். வேலை தொடங்கியதிலிருந்து எங்கள் ஆட்களில் யாரும் அதைத் தொட்டது கிடையாது. சேகர் அதில் துண்டு காயப்போட்டிருந்தான்.

நைனா கடைசியாக வந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கயிற்றில் மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு படியாகக் காலை வைத்துப் பார்த்துப் பார்த்து இறங்கினார். புகைபோக்கியில் பீடி பற்றவைத்த மனிதர்தான் இவர் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். தரைக்கு வந்ததும் யாரையும் பார்க்காமல் அந்தச் சட்டை கிடந்த பக்கம் நடந்தார். கயிற்றைக் கழற்ற மறந்துவிட்டார். போன வேகத்தில் கயிறு இழுத்துப் பிடித்து நிறுத்தியது.

கொக்கியைக் கழற்றப் பார்த்தார். கண்ணால் பார்த்துக்கொண்டே அழுத்தினார், வரவில்லை. மறுபடி பார்த்தார். வரவில்லை. ஆட்கள் எல்லாரும் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஷைனிம்மா," என்றார். அந்த வேலையில் மேடம் என்று சொல்லாமல் அவர் என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "இத்த கொஞ்சம் கழட்டி வுடும்மா."

நான் கிட்டே போய்க் கொக்கியைப் பிடித்தேன். கயிறு இழுத்த இழுப்பில் அது விறைப்பாக நின்றது. அவர் நெஞ்சு ஏறி இறங்குவது பெல்ட் வழியாகவே என் கைக்குத் தெரிந்தது.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் நைனா," என்றேன்.